நாயும் எலும்பும் பல்லும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நாய்க்கு எலும்பு போடுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். எதற்குப் போடுகிறோம் என்று கேட்டால், 'நாய்னா எலும்பு கடிக்கத்தானே செய்யும்' என்பதற்கு மேல் நம்மில் பலருக்குப் பதில் கிடையாது. அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. சதை ஒட்டிய பச்சை எலும்பைக் கடித்தால் நாயின் பல் சுத்தமாகும், ஈறு கெடாது என்பதே அது. இது புதிய கருத்தா பழைய கருத்தா, எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மும்பையில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. காரணம் பின்னால் வரும்.

ரோமானியப் பண்ணையில்

நாயின் பல்லையும் எலும்பையும் சேர்த்துப் பேசும் பழைய நூல்களில் ஒன்று ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதிய வேளாண்மை நூல். கி.மு. 37-ஐ ஒட்டி, தமது எண்பதாவது வயதில் அவர் அதை எழுதினார். அதன் இரண்டாம் பாகம் கால்நடைகளைப் பற்றியது. அதில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்க்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். நாய்க்குப் பார்லி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடு என்கிறார். எலும்புச் சாறும், நொறுக்கிய எலும்பும் கொடுக்கலாம், அதனால் பல் உறுதியாகும், வாய் அகலமாகும் என்றும் காரணம் சொல்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எலும்புக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது. இரண்டாவது, வார்ரோவின் நாய்க்கு முதன்மை உணவு ரொட்டியும் பாலும்தான். செத்த ஆட்டின் இறைச்சியைத் தின்னவிடாதே, ருசி கண்டுவிட்டால் மந்தையிலேயே கை வைக்கும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். ஆக, 'அந்தக் காலத்து நாய் எல்லாம் பச்சை இறைச்சி தின்றுதான் வாழ்ந்தது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

பார்சிகளின் மறைநூலில்

இனி மும்பைக்கு வருவோம். இங்கே நம் அண்டை அயலாரான பார்சிகளின் மறைநூல்களில் ஒன்று வெந்திதாத். அதன் 13-ஆம் அதிகாரம் நாய்களைப் பற்றியது. மந்தை காக்கும் நாய்க்குக் கெட்ட உணவு கொடுப்பது, உயர்ந்த நிலையில் உள்ள ஒரு வீட்டுத் தலைவருக்குக் கெட்ட உணவு பரிமாறுவதற்குச் சமமான குற்றம் என்கிறது அது. பாலும் கொழுப்பும் இறைச்சியுமே நாய்க்கு உரிய உணவு என்றும் வகுக்கிறது.

15-ஆம் அதிகாரம் இன்னும் வியப்பானது. பெரும் பாவங்கள் ஐந்தினை அது அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று, நாய்க்கு மிகக் கடினமான எலும்பையோ மிகச் சூடான உணவையோ கொடுப்பது! எலும்பு பல்லில் சிக்கினாலோ தொண்டையில் அடைத்தாலோ, சூடு வாயையும் நாக்கையும் பொசுக்கினாலோ, கொடுத்தவன் தண்டனைக்குரியவன். வார்ரோ எலும்பின் நன்மையைச் சொன்னார். வெந்திதாத் எலும்பின் ஆபத்தைச் சொன்னது.

இது ஏட்டோடு நின்ற விதி அல்ல. தாம் உண்ணும் முன் நாய்க்கென ஒரு கவளம் எடுத்து வைக்கும் வழக்கம் பார்சி வீடுகளில் இருந்தது. இறந்தவர் உடலை நாயின் பார்வையில் படவைக்கும் சடங்கும் உண்டு. 1832-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்ல அரசு ஆள் வைத்தபோது, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, படை வரவழைக்கப்பட்டது. நாயின் பொருட்டு ஒரு மாநகரமே ஸ்தம்பித்தது நாம் வாழும் இதே ஊரில்தான்.

பிஸ்கட் வந்த கதை

நாய் உணவு கடைச் சரக்கானது 1860-களில். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து லண்டன் சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட், இடிதாங்கி விற்கும் தொழிலில் இருந்தவர். கப்பல் மாலுமிகள் தின்னும் கெட்டி பிஸ்கட்டைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த மாட்டிறைச்சி இவற்றைச் சேர்த்து நாய் பிஸ்கட் செய்தார். அவருடைய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்ற இளைஞர்தான் பிற்பாடு, 1891-ல், தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். நாய் வளர்ப்பும் வியாபாரமும் கைகோத்துக்கொண்டன.

1922-ல் அமெரிக்காவில் குதிரை இறைச்சி தகர டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவே உலர் உணவு மேலோங்கியது. 1957-ல் பியூரினா நிறுவனம், மாவை அழுத்தத்தில் பொரித்தெடுக்கும் முறையில் செய்த நாய் உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் பொட்டலமாகத் தொங்குவதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மறுப்பு

இதற்கு எதிர்க்குரல் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுந்தது. 1993-ல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர், நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று ஒரு நூல் எழுதினார். 2001-ல் டாம் லான்ஸ்டேல் என்ற மற்றொரு கால்நடை மருத்துவர், சதை ஒட்டிய பச்சை எலும்பையே தலைப்பாக்கி நூல் வெளியிட்டார். மெதுவான உணவு பல்லில் ஒட்டுகிறது, ஈறு அழுகுகிறது, அந்த நோய் உடம்பு முழுவதையும் கெடுக்கிறது. தீவன நிறுவனங்களோடு கால்நடை மருத்துவத் துறையும் ஒட்டி உறவாடுவதால் இதை யாரும் வெளியே சொல்வதில்லை என்பது அவர் வாதம்.

வாதத்தில் ஒரு பாதி ஒப்புக்கொள்ளத்தக்கது. நாய்க்கு 42 பற்கள். அதன் எச்சில் காரத்தன்மை உடையது. அதனால் சொத்தைப் பல் குறைவு, காரை படிவது அதிகம். பல்லில் படியும் அழுக்குப் படலம் சில நாட்களில் கல்லாக இறுகிவிடும். பிரேசிலில் எட்டு பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. மூன்று வாரத்துக்குள் காரை பெருமளவு குறைந்திருந்தது.

மறு பாதி அப்படியல்ல. காரை வேறு, ஈறு நோய் வேறு. வேட்டையாடிப் பச்சையாகவே தின்று வாழும் ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் நான்குக்கு ஈறு நோயின் தடம் இருந்தது. ஏறக்குறைய பாதியில் பல் உடைந்திருந்தது. இயற்கையாக வாழ்ந்தால் பல் கெடாது என்பது சரியில்லை என்று ஆகிறது அல்லவா? பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருப்பதால், 2012-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. கிருமி நாயோடு நிற்பதில்லை. கொஞ்சும் குழந்தைக்கும் வரும். வேகவைத்த எலும்போ ஊசி ஊசியாகச் சிதறிக் குடலைக் குத்தும்.

இன்னொன்று. 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதைக் கண்டறிந்தார்கள். மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாய் நம் கூழையும் சோற்றையும் உண்ணப் பழகியது. வார்ரோவின் பார்லி ரொட்டிக்கு இது சாட்சி.

நமக்கு என்ன?

மும்பையில் சைவ உணவுக்காரர்களான நம்மவர் பல வீடுகளில் நாய்க்குத் தயிர் சாதம்தான். 'எங்க நாய் சமத்து, தயிர் சாதம்தான் சாப்பிடும்' என்று பெருமையாகச் சொல்வோம். அதன் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? நாயின் வாய் நாறுவது இயல்பு என்று விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் நோயின் அறிகுறி. நாய் வலியைச் சொல்லாது. ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருக்கும்.

என் முடிவு இது. எலும்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரலாற்றிலும் ஆதாரமில்லை, அறிவியலிலும் ஆதாரமில்லை. எலும்பே கூடாது என்றால் வேறு வழியில் பல்லைப் பேண வேண்டும். நாய்க்கென உள்ள பற்பசையும் பிரஷ்ஷும் சைவ வீட்டிலும் பயன்படும் (நம் பற்பசை ஆகாது). ஆண்டுக்கொரு முறை மருத்துவர் வாயைப் பார்க்கட்டும். கொடுத்தே தீருவேன் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வேகாத எலும்பாக, மாட்டின் தொடையெலும்பு போல் பல்லை உடைக்கிற கடினம் இல்லாததாகக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெந்திதாத் எலும்பைத் தடை செய்யவில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம். பல்லில் சிக்கினால் பொறுப்பு கொடுத்தவனுடையது என்றுதான் அது சொன்னது. தயிர் சாதம் கொடுப்பவருக்கும், பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுபவருக்கும் அந்தப் பொறுப்பு அப்படியே பொருந்தும்.