பழைய வில்லன்களுக்குப் புதிய வேலை

நம் ஊர்ப்பக்கம் காமிக்ஸ் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இரும்புக்கை மாயாவிதான். 1972இல் முத்து காமிக்ஸில் வந்த அந்த மாயாவி, ஆங்கில மூலத்தில் குற்றவாளியாகத்தான் தொடங்கினார், பிறகுதான் நல்லவரானார். ஆனால் திருந்திய மூன்று இளைஞர்களை ஒன்று சேர்த்து, ஊரைக் காக்கும் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்த கதை ஒன்று 1965இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

மார்வெல் நிறுவனத்தின் 'அவெஞ்சர்ஸ்' இதழ் 1963இல் தொடங்கியது. அயர்ன் மேன், தோர் போன்ற பெரிய நாயகர்களின் கூட்டணி அது. அவர்களில் பலருக்குத் தனித்தனியே தொடர்களும் உண்டு. அங்கே ஆபத்தில் மாட்டிக்கொண்டவர் அதே மாதம் இங்கே எப்படி வந்து நிற்பார்? எழுத்தாளர் ஸ்டான் லீக்கு இது தீராத தொல்லை. 1965 மே மாதத் தேதியிட்ட 16ஆவது இதழில் பழையவர்களை விடுப்பில் அனுப்பிவிட்டார். வெளியூர் போயிருந்த கேப்டன் அமெரிக்கா திரும்பி வந்தபோது, அவருக்குக் கீழே புதிதாக மூன்று பேர். மூவரும் முன்னாள் வில்லன்கள்!

முதலாமவன் ஹாக்ஐ, திருவிழாக் கூடாரத்தில் வில்வித்தை காட்டியவன். ஒரு திருட்டைத் தடுத்து, நகைகளோடு நின்றவனைப் போலீசார் திருடன் என்று நினைத்தார்கள். பயந்து ஓடியவன் 1964இல் அயர்ன் மேனுக்கே எதிரியானான். மற்ற இருவர் உடன்பிறப்புகள்: மின்னலாய் ஓடும் குவிக்சில்வர், மாயசக்தி கொண்ட ஸ்கார்லெட் விட்ச். ஊரார் அந்தப் பெண்ணைக் கொல்லத் துரத்தியபோது காப்பாற்றியவன் மேக்னெட்டோ. அந்தக் கடனுக்காக மனமில்லாமல் அவனிடம் இருந்தார்கள். செஞ்சோற்றுக் கடன் எப்படிப்பட்டது என்று கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஓர் ஒழுங்குவிதி போட்டுக்கொண்டார்கள்: குற்றவாளிமேல் இரக்கம் வரும்படி குற்றத்தைக் காட்டக்கூடாது. பிரான்சில் 1949 ஜூலை 16ஆம் தேதிச் சட்டம், சிறுவர் இதழ்களில் திருட்டையும் பொய்யையும் நல்லதுபோலக் காட்டத் தடை விதித்தது. 'அவெஞ்சர்ஸ்' கதை குற்றத்துக்கு நியாயம் சொல்லவில்லை. குற்றம் செய்தவருக்கு வேலை கொடுத்தது. அதனால் எல்லாம் சுமுகமாகிவிடவும் இல்லை. இவர்களா பழையவர்களுக்கு ஈடு என்று சந்தேகம். ஹாக்ஐ ஓயாமல் கேப்டனோடு மல்லுக்கு நிற்பான். இருந்தும் கேப்டன் யாரையும் துரத்தவில்லை. அந்த ஹாக்ஐ பிற்காலத்தில் அவெஞ்சர்ஸின் தூண்களில் ஒருவனானான்.

அரசு வேலையில் சேருமுன் போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூவருக்கும் நம்மிடம் கடைநிலை ஊழியர் வேலைகூடக் கிடைத்திருக்காது. பதினெட்டு வயதில் தெருச்சண்டை வழக்கில் பெயர் சேர்ந்த ஒரு பையனின் நியமனக் கோப்பு, மேசை மேசையாகப் போய்த் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். விடுதலையான தீர்ப்பின் நகல் உள்ளேயே இருந்தது. கடைசிவரை கையெழுத்து விழவில்லை.

சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் திருப்பி அனுப்பும் பையனுக்கு வேலை கொடுக்க வெளியே ஒரு மேக்னெட்டோ எப்போதும் காத்திருக்கிறான். அவன் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.