வாயு தின்னும் நுண்ணுயிர்: விறகிலிருந்து உருக்காலைக்கு

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனதும் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. டி.வி. சுந்தரம் அய்யங்கார் அதற்கென்றே ஒரு வாயுக்கலனை வடிவமைத்து விற்றார். கரியையோ விறகையோ காற்றுப் போதாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதில் எஞ்சின் ஓடும். அன்றைய பேருந்து கிளீனருக்கே தெரிந்த சங்கதி இது. அதே வாயுவை நுண்ணுயிருக்கு ஊட்டினால் எத்தனால் கிடைக்கும் என்று தெரியவர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இந்தத் துறையின் வரலாற்றைப் பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கண்டெடுத்த வரலாறாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. நுண்ணுயிர் கைக்கு வந்த பிறகும் அதற்கு ஊட்டத் தகுந்த வாயு வந்து சேரவில்லை என்பதுதான் மீதிக் கதை.

1936இல் நெதர்லாந்தின் வீரிங்கா, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டு அசிட்டிக் அமிலம் தரும் கிளாஸ்ட்ரிடியம் அசெட்டிகத்தைச் சேற்றிலிருந்து பிரித்தார். பிறகு அந்த வளர்ப்பு தொலைந்துபோனது. 1980களின் தொடக்கத்தில், பர்க்லியில் பார்க்கரின் ஆய்வகத்தில் பழைய வித்துகள் அகப்பட, ஜெர்மனியின் கோட்ஷால்க் குழு அதை மீண்டும் உயிர்ப்பித்தது. இடையில் 1942இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் குதிரை இலத்தியில் இன்னொரு நுண்ணுயிரைக் கண்டிருந்தார்கள். அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து மூன்று அசிட்டிக் அமில மூலக்கூறுகளைத் தந்தது. வழக்கமான கணக்கில் இரண்டுதான் வரவேண்டும். மீதிக் கார்பன் வாயுவாய்ப் போய்விடும். மூன்றாவது எங்கிருந்து வந்தது? ஹார்லண்ட் வுட்டும் அவருடைய மாணவர் லார்ஸ் லியுங்டாலும் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகள் விடாமல் துரத்தினார்கள். வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடையே நுண்ணுயிர் திரும்பப் பிடித்துக் கோத்துவிடுகிறது என்பதே விடை. இன்று வுட்-லியுங்டால் பாதை எனப்படுவது இதுதான். கார்பன் மோனாக்சைடைக் கையாளும் அதன் முக்கிய நொதியில் நிக்கல் இருப்பது 1980இல் தெளிவானது. இந்த நிக்கல் பின்னால் திரும்ப வரும்.

1980களின் பிற்பகுதியில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கேடி குழு கோழிப்பண்ணைக் கழிவிலிருந்து, கார்பன் மோனாக்சைடை எத்தனாலாக்கும் நுண்ணுயிரைப் பிரித்தது. 1993இல் அதற்கு லியுங்டாலின் பெயரையே சூட்டினார்கள். மறு ஆண்டு பெல்ஜிய ஆய்வாளர்கள் முயல் புழுக்கையில் கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனத்தைக் கண்டார்கள். இலத்தி, எச்சம், புழுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் இந்தக் கதையைச் சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதே வாயுவை எரிபொருளாக்க இன்னொரு வழி உலோக வினையூக்கி. அதற்கு உயர்ந்த வெப்பமும் வாயுக்களின் குறிப்பிட்ட விகிதமும் வேண்டும். நுண்ணுயிருக்கு 37 டிகிரி போதும். விகிதம் சற்று முன்பின் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கார்பன் மோனாக்சைடு மட்டும் கிடைத்தால் அதன் ஆறு மூலக்கூறுகளில் நான்கு கார்பன் டை ஆக்சைடாக வீணாகிவிடும். இரண்டின் கார்பன்தான் எத்தனாலில் சேரும். ஹைட்ரஜனும் உடன் இருந்தால் இந்த இழப்பு குறையும். ஹைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு இங்கே அத்தனை மதிப்பு.

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட சோதனையில் அந்த நொதிதான் அடிவாங்கியது. சிலிண்டரில் வாங்கிய தூய வாயுக் கலவையில் நுண்ணுயிர் செழித்து வளர்ந்தது. பிறகு ஸ்விட்ச்கிராஸ் என்ற புல்லை எரித்தெடுத்த அசல் வாயுவுக்கு மாற்றினார்கள். வளர்ச்சி நின்றது, ஹைட்ரஜனைத் தொடவே மறுத்தது. ஆனாலும் எத்தனால் வந்துகொண்டிருந்தது. தூய வாயுவைத் திரும்பக் கொடுத்ததும் மீண்டும் வளர்ந்தது. ஆக, செத்துப்போகவில்லை, முடங்கிக் கிடந்திருக்கிறது. அடுத்த ஆய்வுகளில் காரணம் இரண்டாகப் பிரிந்தது. முடக்கியது வாயுவோடு வந்த தார், 0.025 மைக்ரான் வடிகட்டியைப் போட்டதும் வளர்ச்சி தடைபடவில்லை. ஹைட்ரஜன் நொதியைத் தடுத்தது நைட்ரிக் ஆக்சைடு. அது வடிகட்டியில் நிற்காது.

ஆய்வகத்தில் இவ்வளவு தெரிந்திருந்தும் தொழிற்சாலை வேறொரு நஞ்சில் சிக்கியது. கேடியின் தொழில்நுட்பத்தை 2008இல் வாங்கிய இனியோஸ் நிறுவனம், ஃப்ளோரிடாவின் வீரோ பீச் அருகே ஆண்டுக்கு 80 லட்சம் கேலன் எத்தனால் தரும் ஆலையை எழுப்பியது. தோட்டக் கழிவும் மரக்கழிவும்தான் மூலப்பொருள். 2013இல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் வாயுவில் ஹைட்ரஜன் சயனைடு மிகுந்திருந்தது. இலைதழையில் நைட்ரஜன் உண்டு. வாயுவாக்கும்போது அதில் ஒரு பங்கு சயனைடாகிறது. சயனைடு போய் ஒட்டுவது உலோகத்தில். வுட் காலத்து ஆய்வுகள் அடையாளம் காட்டிய அந்த நிக்கல் நொதியையே அது செயலிழக்கச் செய்யும். வாயுவைக் கழுவும் கருவிகளைச் சேர்த்தும் ஆலை எதிர்பார்த்தபடி நிமிரவில்லை. 2016இல் விற்பனைக்கு வந்தது. இந்தத் தோல்விக்கு நுண்ணுயிரைக் குறை சொல்வது நியாயமில்லை என்பதே என் கருத்து.

2005இல் நியூசிலாந்தில் தொடங்கிய லான்ஸாடெக் நிறுவனம், விறகைத் தவிர்த்துவிட்டு உருக்காலைக்குப் போனது. உருக்காலைக் கழிவுவாயுவில் ஹைட்ரஜன் சொற்பம். கார்பன் இழப்பு கூடுதல். ஆனால் தாரின் தொல்லை இல்லை. முயல் புழுக்கையில் கிடைத்த இனத்தின் வழித்தோன்றலைக் கொண்டு 2018இல் சீனாவின் ஷோகாங் உருக்காலையில் வணிக உற்பத்தி தொடங்கியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்செலார்மிட்டல் ஆலை 2022இல் திறக்கப்பட்டது. பானிபட்டில் இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையின் கழிவுவாயுவுக்கும் இதே தொழில்நுட்பம்தான். ஜப்பானில் செகிசூய் நிறுவனம் நகரக் குப்பை வாயுவில் இதைச் செய்துகாட்டியது. அங்கே அவர்கள் பெருமையாக முன்வைத்தது வாயுவைச் சுத்தம் செய்யும் முறையைத்தான்.

ஜார்ஜியா மாநிலத்தின் சோபர்ட்டனில், பைன் மரக்கழிவை வாயுவாக்கி வினையூக்கியால் எரிபொருள் செய்ய ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் கட்டிய ஆலை 2011இல் மூடப்பட்டது. 2012இல் அந்த இடத்தை வாங்கியது லான்ஸாடெக். அதிலிருந்து பிரிந்த லான்ஸாஜெட் 2024 ஜனவரியில் அங்கே ஒரு ஆலையைத் திறந்தது. வெளியிலிருந்து கொண்டுவரும் எத்தனாலை அது விமான எரிபொருளாக்கும். சுற்றிலும் பைன் காடுதான்.