வங்கிகளில் கோபோல் நிலைத்த வரலாறு

கோபோல், வணிகக் கணக்குகளுக்காக அமெரிக்காவில் உருவான நிரல்மொழி. 1950களில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி மொழி இருந்தது; கணினியை மாற்றினால் நிரல்கள் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டும். இச்செலவைத் தவிர்க்கப் பொதுமொழி ஒன்றை உருவாக்குவது பற்றி 1959 மே மாதம் பென்டகனில் கூட்டம் நடந்தது. கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் புதிய மொழிக்கு முக்கிய அடிப்படையானது. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், சிறு மாற்றங்களுடன், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கிக் காட்டியது. திரும்ப எழுதுவதைத் தவிர்க்கப் பிறந்த மொழி, திரும்ப எழுத முடியாததாலேயே இன்றும் நீடிக்கிறது.

பணத்தைப் பதின்ம எண்களாகவே கணக்கிடுவது இதன் வசதி. இரும எண்முறையில் 0.10 என்ற தொகையைத் துல்லியமாகக் குறிக்க முடியாது. லட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும்போது அந்தச் சிறு பிழை பெருகிவிடும். ஆனால் புதிய மொழிகளிலும் பதின்மக் கணக்கிற்கு வழியுண்டு என்பதால் இதை முதன்மைக் காரணமாகக் கொள்ள இயலாது.

உண்மையான தடை நிரலுக்குள் இருக்கிறது. வரிச் சட்டம் மாறியபோதும், இரு வங்கிகள் இணைந்தபோதும், ஒரு வாடிக்கையாளர் பிரிவுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோதும் சில வரிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் காரணம் பல இடங்களில் வேறெங்கும் எழுதப்படவில்லை, எழுதியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டனர். மாற்றி எழுதுபவர் அவ்விதிகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் யாரோ ஒருவரின் இருப்புத்தொகை தவறாகும்.

ஆண்டை இரு இலக்கங்களில் எழுதியதால் எழுந்த 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போதே இந்நிரல்களைக் கைவிட வாய்ப்பிருந்தது. பல நிறுவனங்கள் பழுதுபார்ப்பதையே தேர்ந்தெடுத்தன. 00 முதல் 49 வரை வந்தால் 2000க்குப் பிந்தையது, மற்றவை 1900களைச் சேர்ந்தவை என்பது போன்ற விதிகள் நுழைக்கப்பட்டன. இந்திய மென்பொருள் நிறுவனங்களின் வளர்ச்சிக்கு இப்பணி பெரிதும் உதவியது.

முழுமையாக மாற்றியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2008இல் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவிட்டுத் தன் மைய அமைப்பை மாற்றியது. சிறிய வங்கிகளுக்கு இது எட்டாத தொகை.

2020 ஏப்ரலில், வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் அறிந்த தன்னார்வலர்கள் தேவை என அறிவித்தார். பழி பழைய மொழியின் மேல் விழுந்தது. உண்மையில் தடுமாறியது ஜாவாவில் எழுதப்பட்ட இணைய முகப்பே என்று கணினி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் பின்னர் எழுதினார்.