பட்டமும் பணித்திறனும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டதாரிகள் பெருகினர், பட்டத்தின் மதிப்புக் குறைந்தது, பட்டம் பெற்றவரிடத்துப் பணித்திறன் இல்லை. கல்வியாளர் கூடும் இடமெல்லாம் இன்று கேட்கப்படும் குறை இதுவே. இக்குறை நம் காலத்தில் திடீரென முளைத்ததன்று. பட்டம் இந்நாட்டிற்கு வந்த வழியை நோக்கின் அதன் வேர் புலப்படும்.

கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கே அரசுப் பணிகளில் முன்னுரிமை என்று 1844இல் அறிவித்தார். அன்று முதல் கல்வி என்பது பணிக்குச் செல்லும் வாயிலாயிற்று. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. கற்பித்தல் கல்லூரிகளின் பணி; தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதலே பல்கலைக்கழகத்தின் பணி. கற்பித்தலும் ஆய்வும் பல்கலைக்கழகத்திற்கும் உரியன என்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. ஆகவே, பட்டம் தொடக்கத்தில் தேர்வில் வென்றமைக்குச் சான்றாக இருந்ததேயன்றித் தொழில் வன்மைக்குச் சான்றாக இருந்ததில்லை.

அவ்வாறாயின் அன்றைய பட்டம் பெருமதிப்புப் பெற்றது எதனால்? அதன் அருமையினால். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வென்றவர் இருவரே. சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை என்னும் அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர். தாமோதரம் பிள்ளை பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். எனினும் தமிழுலகம் அவரைப் போற்றுவது வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை அச்சேற்றியமைக்காகவே. செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேரும் அத்திறனை அவருக்கு அளித்தது பி.ஏ. தேர்வன்று.

மறுபுறம் உ.வே. சாமிநாதையரை எண்ணுக. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபொழுது, அவருடைய பரிந்துரையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சாமிநாதையர் தமிழாசிரியரானார். அங்கே பட்டம் கேட்கப்படவில்லை, புலமை சோதிக்கப்பட்டது.

இதுகொண்டு பட்டமின்மையே திறன் என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். அவ்வாண்டிலேயே கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தாம் கற்றவை என ஐயர் அடுக்கிய அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டு நிறைவடையவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்திருக்கவில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டு, சைனர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்தம் மரபினைக் கேட்டறிந்து, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். தாம் அறியாததனை அறிந்தமையே அவருடைய திறனுக்குத் தோற்றுவாய். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. அங்கே பணி முந்திற்று, பட்டம் பிந்திற்று.

இன்று நிலை தலைகீழாயிற்று. தமிழகத்தில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றி, பின்னர் அவற்றின் தொகை ஐந்நூறைக் கடந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த ஏழைப் பிள்ளைகளுக்கு அப்பெருக்கம் நன்மையே செய்தது. அதனைப் பழித்தல் அறமன்று. ஆயினும், அருமையால் வந்த மதிப்புப் பெருக்கத்தால் நீங்குதல் இயல்பு. அருமை நீங்கிய இடத்தில் திறன் நின்றிருத்தல் வேண்டும். பலவிடத்தும் அது நிற்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான நான்காம் தொகுதித் தேர்வுக்கு 2024இல் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பட்டதாரிகளும் பொறியாளர்களும் அவ்வரிசையில் நின்றனர்.

பிறரைச் சொல்வானேன்? முனைவர் பட்டம் பெற்ற பின்னரே யான் முதன்முதலாக ஒரு சுவடியைக் கையில் எடுத்தேன். புள்ளியில்லா மெய்யும், காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு காட்டாத எழுத்தும் என்னை மருட்டின. ஒரு வரியும் ஓடவில்லை. அருகிருந்து படித்துக் காட்டிய முதியவர் பள்ளியிறுதி வகுப்பையும் எட்டாதவர். “பழகினால் வந்துவிடும், அம்மா” என்றார் அவர். அச்சொல்லில் ஏளனம் இல்லை. ஆதலின் அது மேலும் சுட்டது. இரண்டாண்டு விடுமுறை நாள்களில் அவரிடம் கற்றேன். இன்று தடுமாறியேனும் படிக்கிறேன்.

அந்த முதியவர் இன்று ஒரு கல்லூரியில் சுவடிப் பாடம் நடத்த விரும்பினால், அவர்தம் விண்ணப்பத்தை நம் விதிகள் ஏற்கா. அவரிடம் கற்ற என் விண்ணப்பத்தை ஏற்கும். இம்முரண்பாட்டைக் களைதல் விதி வகுப்போர் கடன். பட்டத்தை முடிவாகக் கொள்ளாது தொடக்கமாகக் கொள்ளுதல் நம் ஒவ்வொருவர் கடன். பட்டம் வினவாது படிப்பார்வம் ஒன்றையே வினவி, பத்தாண்டுகளாக எவரையும் வரவேற்கும் இவ்விலக்கிய வட்டம் அக்கடனை நன்கறியும். அதன் தொண்டு மேலும் வளர்க!