தெற்கு லோனாக் பனியேரி: ஆய்வும் உடைப்பும்

தெற்கு லோனாக், சிக்கிம் மாநிலத்தின் வடகோடியில் மங்கன் மாவட்டத்தில் உள்ள பனியேரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்த ஏரியின் நீர், சிற்றாறுகள் வழியாக டீஸ்டா ஆற்றில் சேர்கிறது. 2023 அக்டோபர் 3 இரவு ஏரியின் கரை உடைந்தது. அதிலிருந்து கிளம்பிய வெள்ளம் சிக்கிமையும் வடக்கு வங்காளத்தையும் கடந்து வங்கதேசம் வரை, 385 கிலோமீட்டர் ஓடியது. 55 பேர் இறந்தார்கள். 74 பேர் காணாமல் போனார்கள். உடைவதற்கு முன்பே இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட பனியேரிகள் இமயமலையில் மிகச் சில. ஆபத்து எங்கே இருக்கிறது, எந்த ஊரைத் தாக்கும் என்பதெல்லாம் அச்சில் வந்திருந்தது. பனியாற்று ஆபத்துகளைப் பற்றிய அறிவியலில் இந்த ஏரிக்குத் தனி இடம் கிடைத்தது அதனால்தான்.

ஏரி பிறந்த கதை

பனியாறு என்பது தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். நகரும்போது மலையை அரைத்துக் கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கங்களிலும் முனையிலும் மேடாக ஒதுக்கிவிடுகிறது. இந்த மேட்டுக்கு மொரைன் என்று பெயர். வெப்பம் கூடிப் பனியாறு பின்வாங்கினால், முனை மேட்டுக்கும் பனிக்கட்டிக்கும் இடையே பள்ளம் விழுந்து உருகுநீர் தேங்கும். நம் ஊர் ஏரிக்குக் கரை போட்டவர்கள் மதகும் கலிங்கும் வைத்துத்தான் போட்டார்கள். மொரைன் கரைக்கு அப்படி எதுவும் கிடையாது. உள்ளே புதைந்திருக்கும் பனிக்கட்டி உருக உருகக் கரையும் தளரும்.

தெற்கு லோனாக் பனியாறு 1962க்கும் 2008க்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பின்வாங்கியது. 1970களின் நடுவில் 20 ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த ஏரி, 2023 செப்டம்பர் இறுதியில் 167 ஹெக்டேராகப் பரந்திருந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் எட்டு மடங்குக்கும் மேல் வளர்ச்சி.

பத்து ஆண்டு எச்சரிக்கை

ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2013இல் சிக்கிமின் பனியேரிகளைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். தெற்கு லோனாக் உடைவதற்கான வாய்ப்பு 42 விழுக்காடு என்றும், இது மிக அதிகம் என்றும் எழுதினார்கள். பின்னர் அளந்தபோது ஏரியின் கொள்ளளவு சுமார் 6.58 கோடி கன மீட்டர் என்று தெரிந்தது. நாம் பழகிய கணக்கில் 2.3 டிஎம்சி.

2016இல் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் குழுவினரும் மாநில அதிகாரிகளும் மலையேறிப் போய், பாலிஎத்திலீன் குழாய்களைச் சைஃபன் முறையில் பொருத்தி நீரை வடிக்கத் தொடங்கினார்கள். ஆக்சிஜன் குறைந்த அந்த உயரத்துக்கு எல்லாவற்றையும் சுமந்து சென்று செய்த வேலை அது, பாராட்டத் தக்கது. ஆனால் ஏரிக்கு அது போதவில்லை. விநாடிக்கு 150 லிட்டர் வடித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 13,000 கன மீட்டர் வெளியேறும். அந்த வேகத்தில், புதிதாக ஒரு சொட்டு நீரும் வராமல் இருந்தால்கூட, நீர்மட்டத்தை ஐந்து மீட்டர் இறக்க ஓராண்டுக்கு மேலாகும். நேபாளத்தில் சோ ரோல்பா ஏரியை 2000த்திலும் இம்ஜா ஏரியை 2016இலும் சுமார் மூன்று மீட்டர் இறக்கினார்கள். அங்கே கரையிலேயே கால்வாய் வெட்டி மதகு அமைத்தார்கள். தெற்கு லோனாக்கில் அந்த அளவுக்குப் பணி போகவில்லை.

இந்த ஏரியைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது பனியாற்றியல் அறிஞர் ஆஷிம் சத்தாரின் தலைமையில் 2021இல் வெளியான கட்டுரை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அனில் குல்கர்ணி, சூரிக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹூகல் போன்றவர்கள் அதில் இணை ஆசிரியர்கள். இருக்கிற ஏரியை மட்டும் அவர்கள் கணக்கிடவில்லை. பனியாறு இன்னும் பின்வாங்கினால் ஏரி எவ்வளவு பெருக்கும் என்பதையும் கணினி மாதிரியில் பார்த்தார்கள். வளர்ந்த ஏரி மலைச்சரிவின் அடிவாரத்தை நெருங்கும், அப்போது மேலிருந்து பனிச்சரிவு விழும் ஆபத்தும் கூடும் என்று கண்டார்கள். ஆறு வகைப் பனிச்சரிவுகளை ஏரிக்குள் விழவைத்துப் பார்த்ததில், எழும் அலை முன்கரையைத் தாண்டும் என்று தெரிந்தது. கரை 20 மீட்டர் ஆழம் அறுந்தால் விநாடிக்கு 4,311 கன மீட்டரும், 30 மீட்டர் அறுந்தால் 8,000 கன மீட்டரும், 40 மீட்டர் அறுந்தால் 12,487 கன மீட்டரும் உச்சமாகப் பாயும் என்று கணித்தார்கள். பாதிக்கப்படும் ஊராகச் சுங்தாங்கைப் பெயர் சொல்லியே குறித்தார்கள். லாசென் ஆறும் லாசுங் ஆறும் கூடும் அந்த ஊரில்தான், 1,200 மெகாவாட் டீஸ்டா மூன்றாம் நிலை மின்திட்டத்தின் அணை 2017 முதல் இயங்கிக்கொண்டிருந்தது.

2023 செப்டம்பரில் ஏரிக்கரையில் கேமராவும் வானிலைக் கருவிகளும் வைக்கப்பட்டன. அவை முழு எச்சரிக்கை அமைப்பாக வளரும் முன்பே ஏரி உடைந்துவிட்டது.

அந்த இரவு

அக்டோபர் 3 இரவு 10.12 மணி. நில அதிர்வுக் கருவிகளின் பதிவுகளை வைத்துத்தான் இந்த நேரம் தெரியவந்தது. ஏரியின் வடபுற மொரைன் சரிவிலிருந்து 1.47 கோடி கன மீட்டர் உறைந்த கல்லும் மண்ணும் ஒரே வீச்சில் நீருக்குள் இறங்கின. சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து முன்கரையைத் தாக்கி அறுத்தது. ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது.

மறுநாள் பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் மேகவெடிப்பு. ஆனால் சத்தார் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து 2025 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, கரைச்சரிவே தொடக்கம் என்று நிறுவியது. பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, சரிந்த அதே பகுதி 2016 முதல் ஆண்டுக்கு 15 மீட்டர் வரை நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. கல்லையும் மண்ணையும் பிடித்து வைத்திருந்த நிரந்தர உறைநிலம் வெப்பத்தில் இளகியதே இதற்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

முந்தைய ஆய்வின் வலிமையும் எல்லையும் இங்கே ஒருசேரத் தெரிகின்றன. ஏரியும் சரி, அலையும் சரி, அடிபட்ட ஊரும் சரி, 2021 கட்டுரை சொன்னபடியே நடந்தன. ஆனால் அந்தக் கணினி மாதிரி எதிர்பார்த்தது மேலிருந்து விழும் பனிச்சரிவை. விழுந்ததோ ஏரியின் பக்கக் கரை. பனியேரி ஆய்வில் இன்று சரிவுகளின் மெல்லிய நகர்வை ரேடார் படங்களால் அளப்பது இவ்வளவு முக்கியமாகிவிட்டதற்கு இந்த அனுபவம் பெரிய காரணம்.

ஏரியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் கீழே சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளம் வழியெங்கும் கரைகளை அரித்து ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் வண்டலைச் சுமந்தது. ஏரியிலிருந்து வந்த நீரின் அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இந்தக் கணக்கு அச்சமூட்டுகிறது. கீழே உள்ள ஊர்களை அழித்தது சேறும் பாறையும் கலந்த குழம்பு. நீரை மட்டும் கணக்கிட்டு வரைந்த வெள்ள வரைபடங்கள் இதற்குப் போதாது. அரிப்பால் ஆற்றங்கரைகளில் 45 நிலச்சரிவுகள் ஏற்பட்டன. ஏறத்தாழ 25,900 கட்டடங்கள் சேதமடைந்தன. சிங்தாம் அருகே பர்தாங்கில் ராணுவ வீரர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

பின்விளைவுகள்

சிக்கிம் வெள்ளத்துக்கு முன்பே, உத்தராகண்டில் 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் விழுந்து சமோலி மாவட்டத்தில் 204 பேர் இறந்தோ காணாமலோ போனபோது, அங்கே ஏரி எதுவும் இல்லை. இரண்டு நிகழ்வுகளிலும் பொதுவாக இருந்தவை நிலைகுலைந்த உயர்மலைச் சரிவும், அதன் வழியில் நின்ற மின்திட்டங்களும். சமோலியில் ரிஷிகங்கா, தபோவன் திட்டங்கள் சிக்கின. மலைக்கு மேலே மாறிவரும் நிலத்தைப் பார்க்காமல், ஆற்றின் நீர்வரத்தை மட்டும் வைத்து அணைக்கு இடம் குறிப்பது தவறான முறை.

2024இல் மத்திய அரசு சிக்கிம், உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், அருணாச்சலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்காக 150 கோடி ரூபாயில் பனியேரி ஆபத்துக் குறைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரியில் மத்திய நிபுணர் குழு, சுங்தாங்கில் பழைய 60 மீட்டர் அணை இருந்த இடத்திலேயே 118 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை கட்டப் பரிந்துரைத்தது. தெற்கு லோனாக் ஏரி முழுதும் வடிந்துவிடவில்லை. உடைப்புக்கு மறுநாள் படத்திலும் 60 ஹெக்டேர் நீர் எஞ்சியிருந்தது. தாங்கு கிராமத்துக்கு மேலே ஷாகோ சோ என்ற ஏரியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. புதிய அணைக்கு முதல் கல் வைப்பதற்கு முன், இந்த ஏரிகளின் சரிவு நகர்வு அளவுகளும் சேற்றுவெள்ள வரைபடங்களும் லாசென், சுங்தாங் ஊர் மக்களின் கைக்குப் போக வேண்டும். அபாயச் சங்கு அவர்கள் காதில் விழுகிறதா என்று இரவு நேரத்திலேயே ஒலிக்கவிட்டுச் சோதிக்க வேண்டும்.