பாபேஜ் இடம் மாறச் சொன்னார், கிளெமென்ட் கடையை மூடினார்

"சின்ன சேஞ்ச்தான் ப்ரோ, அப்படியே சேர்த்துக் கொடுத்துடுங்க." ஃப்ரீலான்ஸ் பண்றவங்க யாருக்கும் இந்த வரி புதுசு இல்ல. இன்னைக்கு இதே தலைவலியோட, கிட்டத்தட்ட 200 வருஷப் பழைய வடிவத்தைப் பார்க்கப் போறோம்.

சார்லஸ் பாபேஜை நமக்குத் தெரியும். ஜோசஃப் கிளெமென்ட்டைத் தெரியாது. கணக்கு அட்டவணைகளைத் தானே போடுற 'டிஃபரன்ஸ் இன்ஜின்' பாபேஜோட டிசைன். அதை உலோகத்துல செஞ்சு கொடுக்க வந்த கான்ட்ராக்டர்தான் கிளெமென்ட். நெசவாளி வீட்டுப் பிள்ளை. லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்குத் தெற்கே சொந்தப் பட்டறை வச்சிருந்தார்.

1823-ல் பிரிட்டிஷ் அரசு முதல் தவணையா 1,500 பவுண்டு கொடுத்தது. அப்போ பாபேஜும் நிதியமைச்சரும் பேசினதுக்கு எழுத்துல ஒரு குறிப்புகூட இல்ல. மொத்தம் எவ்வளவு, யார் பொறுப்பு? ரெண்டு பேரும் வேற வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. பின்னாடி வந்த எல்லாச் சண்டைக்கும் விதை இங்கதான்.

முழு மெஷினுக்கு சுமார் 25,000 பாகங்கள் வேணும். அதைச் செய்யறதுக்கான கருவிகளையே முதல்ல செய்ய வேண்டியிருந்தது. பில் ஏறிக்கிட்டே போச்சு. 1832-ல் ஏழுல ஒரு பங்கு மட்டும் தயாராச்சு. அது அருமையா ஓடிச்சு.

அப்போதான் அந்த "சின்ன சேஞ்ச்" வந்தது. பாபேஜ் வீட்டுப் பக்கத்துல அரசு ஒரு பட்டறை கட்டிடுச்சு. வேலையை அங்க மாத்தணும். கிளெமென்ட்டுக்கு வேற கஸ்டமர்களும் இருந்தாங்க; ரெண்டு இடத்துல பட்டறை நடத்தினா செலவு கூடும். அதுக்கு ஈட்டுத்தொகை கேட்டார். அரசு மறுத்தது. பாக்கிக்குத் தன் கைக்காசைப் போட பாபேஜும் மறுத்தார். 1833-ல் கிளெமென்ட் ஆட்களை அனுப்பிட்டு வேலையை நிறுத்திட்டார். வரைபடங்களும் பாகங்களும் போய்ச் சேர்ந்தது 1834-ல். கருவிகள் போகல, ஏன்னா அந்தத் தொழில் வழக்கப்படி அது செஞ்சவருக்குச் சொந்தம். 1842-ல் அரசு திட்டத்தையே கைவிட்டுச்சு. அதுவரை செலவு சுமார் 17,500 பவுண்டு.

கிளெமென்ட் பாவப்பட்ட ஆள்னு நினைச்சுடாதீங்க. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதின ஒரு சம்பவம் இருக்கு. அமெரிக்காவுல இருந்து ஒருத்தர், "முடிஞ்ச அளவு சிறப்பா" ஒரு பெரிய ஸ்க்ரூ வேணும்னு ஆர்டர் போட்டார். அவர் எதிர்பார்த்தது அதிகபட்சம் 20 பவுண்டு. வந்த பில் நூற்றுக்கணக்கான பவுண்டு! நடுவர்கள் கிளெமென்ட் பக்கமே தீர்ப்புச் சொன்னாங்க. ஸ்கோப் எழுதாம விட்டா கிளையன்ட்டுக்கும் அடி விழும்.

கிளெமென்ட் கூடுதல் காசு கேட்டது தப்பில்ல. "செய்யலாம், ஆனா இவ்வளவு ஆகும்"னு வேலைக்கு முன்னாடியே சொன்னது சரியான பதில்தான். ஆனா பத்து வருஷம் கழிச்சுச் சொல்றப்போ, கையில காட்ட ஒரு காகிதம் இல்ல. எங்க வேலை செய்யணும், காசு எப்போ வரும், செஞ்ச கருவி யாருக்குச் சொந்தம்? இந்த மூணும் முதல் நாளே எழுதியிருக்கணும். நம்ம ஊர் கணக்குல மூணாவது கேள்வி, கோட் யாருக்குச் சொந்தம்ங்கிறது.

பாபேஜ் பின்னாடி வரைஞ்ச இன்னொரு டிசைனை, லண்டன் சயின்ஸ் மியூசியம் 1991-ல் செஞ்சு காட்டுச்சு. ஓடுது. கணக்குல கோளாறு இல்ல, ஒப்பந்தத்துலதான்.

அடுத்த தடவை "சின்ன சேஞ்ச்" வந்தா, போன்ல தலையாட்டாதீங்க. விலையும் நாளும் போட்டு ஒரு மெயில் அனுப்பிட்டு அப்புறம் ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.