அரக்கும் வானொலிப் பெட்டியும்

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பழைய வீட்டின் பரணில், வெடிப்பு விழுந்த வானொலிப் பெட்டி ஒன்று உங்கள் கைக்குக் கிடைக்கலாம். அதைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். அந்த வெடிப்பிலும் வரலாறு உண்டு.

1938இல் சென்னையிலும், 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. அக்காலத்துப் பெட்டிகளுள் சில மரத்தால் ஆனவை. சில பேக்கலைட்டால் ஆனவை. மரப்பெட்டிக்கு மெருகூட்டியது, மதுசாரத்தில் கரைத்த அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் தரும் அவ்வரக்கு, மின்கருவிகளுக்குக் காப்புப் பொருளாகவும் உலகெங்கும் வேண்டப்பட்டது. அதற்கு மாற்றுத் தேடப் புகுந்த லியோ பேக்லாண்டு என்னும் அறிஞர் 1907இல் உருவாக்கியதே பேக்கலைட்.

வெயிலிலும் ஈரக்காற்றிலும் மரம் சுருங்கி விரிந்து பிளக்கும். அதே மரத்தூளைப் பசையிற் குழைத்து நிரப்பி, அரக்கு மெருகிடலாம். பேக்கலைட்டோ ஒருமுறை இறுகியபின் சூட்டில் இளகாது. உருக்கி ஒட்ட இயலாது. எபாக்சிப் பசையில் வண்ணப்பொடி கலந்தே அடைக்க வேண்டும்.

எந்த வண்ணம்? பெட்டியின் உட்புறம் பழைய நிறத்தைக் காட்டும். வெயில் பட்ட முகப்போ வெளிறியிருக்கும். வெடிப்பைச் சூழ்ந்துள்ள அந்த வெளிறிய நிறத்தோடுதான் பொருத்த வேண்டும். முழுவதும் புதுவண்ணம் பூசினால் பெட்டி பளபளக்கும். ஆனால் அது கடந்து வந்த ஆண்டுகள் மறைந்துபோம். வரலாறு பயில்வோர், செப்பனிடுவதற்கும் மறைப்பதற்கும் உள்ள இவ்வேற்றுமையை உணர்தல் நலம்.